கடல் விலகித் தந்த நிலம்: பண்டைக் காலநிலை மாற்றங்களும் யாழ்ப்பாணக் குடாநாட்டின் வருங்கால வெப்பமும்

1. பொருளும் எல்லையும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வருங்காலக் காலநிலை பற்றிய உரையாடல்களில் இரண்டு கூற்றுகள் அடிக்கடி எதிரெதிராக வைக்கப்படுகின்றன. புவியின் காலநிலை என்றும் மாறிக்கொண்டே வந்திருப்பதால் இன்றைய வெப்பமும் அம்மாற்றங்களுள் ஒன்றே என்றும், அதற்காகப் பதற்றப்படவேண்டியதில்லை என்றும் சொல்வது ஒன்று. இன்று நிகழ்வது முன்னொருபோதும் நிகழாதது என்பதால் பழங்காலத்திடம் கேட்டறிய எதுவுமில்லை என்று சொல்வது மற்றையது. இவ்விரண்டு கூற்றுகளும் ஆய்வுக்கு நின்றுபிடிப்பவையல்ல. முதலாவது கூற்று மாற்றத்தின் வேகத்தையும் காரணத்தையும் மறந்துவிடுகிறது. இரண்டாவது கூற்று, குடாநாட்டின் கல்லும் மண்ணும் கிணற்றுநீரும் பழைய காலநிலை மாற்றங்களின் விளைவுகளே என்பதை மறந்துவிடுகிறது.

இச்சொற்பொழிவு நிறுவ முயலும் கருத்து ஒன்றே. வெப்பவலயத்தில் அமைந்த இச்சிறு நிலத்திற்கு இந்த நூற்றாண்டில் வரக்கூடிய வெப்ப உயர்வு, பனியுகத்திற்கும் அண்மைக் காலத்திற்கும் இடையே இங்கிருந்த வேறுபாட்டோடு ஒப்பிடத்தக்க அளவினது. ஆனால் அன்று பல்லாயிரம் ஆண்டுகள் எடுத்த மாற்றம் இன்று ஓரிரு தலைமுறைக்குள் நிகழவிருக்கிறது. அம்மாற்றம் குடாநாட்டு மக்களின் வாழ்வைத் தொடும் முதன்மையான இடம் தரைக்கீழ் நீர். பழங்காலத்தைப் படிப்பதன் பயன், வருங்காலத்தை அப்படியே அதில் காண்பது என்பதைவிட, இந்த நிலம் எதற்கு எப்படி ஈடுகொடுக்கும், எங்கே உடையும் என்பதைத் தெரிந்துகொள்வதிலேயே இருக்கிறது.

2. பழங்காலக் காலநிலையை அறியும் வழி

வெப்பமானிகளும் மழைமானிகளும் பரவலாகப் பயன்பாட்டுக்கு வந்து ஏறக்குறைய இரண்டு நூற்றாண்டுகளே ஆகின்றன. அதற்கு முற்பட்ட காலநிலையை ஆய்வாளர் இயற்கை தானே எழுதிவைத்த மறைமுகச் சான்றுகளிலிருந்து வாசிக்கின்றனர். துருவப் பனியில் சிக்கிய காற்றுக் குமிழிகள் பண்டை வளிமண்டலத்தின் காபனீரொட்சைட்டு அளவைத் தருகின்றன. சதுப்பு நிலங்களில் படிந்த மகரந்தத் துகள்கள் எந்த மரமும் எந்தப் புல்லும் எக்காலத்தில் வளர்ந்தன என்பதைச் சொல்கின்றன. கடலடிச் சேற்றில் புதையுண்ட பொராமினிபெரா எனப்படும் ஒற்றைக்கல உயிரிகளின் ஓடுகள், மணல்மணி அளவே ஆனவை எனினும், தாம் உருவான நீரின் வெப்பத்தையும் உவர்ப்பையும் தம் வேதியியல் அமைப்பில் பதித்துவைத்துள்ளன. ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணுக்களான சமதானிகளின் விகிதத்தை அளப்பதே இவ்வாசிப்பின் அடிப்படை.

இலங்கையைப் பொறுத்தவரை இவ்வகைச் சான்றுகளுள் முதன்மையானது, கடல் மட்டத்திலிருந்து 2,000 மீற்றருக்கு மேல் அமைந்த ஹோர்ட்டன் சமவெளியின் கரிச்சேற்றுப் படிவு. பிரேமதிலக்கவும் ரிஸ்பேர்க்கும் 2003 இல் வெளியிட்ட மகரந்த ஆய்வு, அங்கே ஏறக்குறைய 24,000 ஆண்டுக் காலநிலையைத் தொடர்ச்சியாக வாசித்தது. பனியுகத்தின் உச்சத்தில் அம்மேட்டு நிலம் வறட்சியுற்றிருந்ததையும், அதன் பின் தென்மேற்குப் பருவக்காற்று படிப்படியாக வலுப்பெற்றதையும், இன்றைய காலப்பகுதியின் தொடக்கத்தில் மழை மிகுந்து பின்னர் மீண்டும் குறைந்ததையும் அது காட்டியது. பாக்கு நீரிணைக்கு அப்பால், நீலகிரியின் கரிச்சேற்றில் காபன் சமதானிகளை அளந்து சுகுமாரும் உடன் ஆய்வாளரும் 1993 இல் வெளியிட்ட ஆய்வும் பருவமழையின் இத்தகைய ஏற்றத்தாழ்வுகளைப் பதிவு செய்தது.

குடாநாட்டைப் பற்றி இச்சான்றுகளிலிருந்து முடிவுகூறும்போது ஓர் எச்சரிக்கை வேண்டும். ஹோர்ட்டன் சமவெளிப் பதிவு முதன்மையாகத் தென்மேற்குப் பருவக்காற்றின் வரலாறு. யாழ்ப்பாணமோ சோளகம் எனப்படும் அக்காற்று வீசும் மாதங்களில் காய்ந்து, மாரிக்காலத்தில் மட்டும் நனையும் நிலம். ஆண்டுதோறும் இங்கு பெய்யும் ஏறக்குறைய 1,200 முதல் 1,300 மில்லிமீற்றர் மழையின் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் டிசம்பர் வரையான மூன்று மாதங்களுக்குள் விழுந்துவிடுகிறது. மலைநாட்டில் பெய்த மழையின் வரலாற்றைக் குடாநாட்டின் மழை வரலாறாகக் கொள்வது ஆய்வுநெறிக்கு ஒவ்வாது. குடாநாட்டின் சொந்த வரலாற்றைச் சொல்லத்தக்க ஆவணம் அதன் கல்லிலும் கரையோரத்திலும் கடனீரேரிகளின் சேற்றிலும் கிடக்கிறது.

3. குடாநாடு குடாநாடாக இல்லாத காலம்

குடாநாட்டின் அடித்தளம் மயோசின் காலத்துச் சுண்ணாம்புக்கல். ஏறக்குறைய 2 கோடியே 30 இலட்சம் ஆண்டுகளுக்கும் 50 இலட்சம் ஆண்டுகளுக்கும் இடைப்பட்ட அக்காலத்தில் இங்கு பரவியிருந்த ஆழம் குறைந்த வெதுவெதுப்பான கடலில், சிப்பிகளும் முருகைகளும் நுண்ணுயிர் ஓடுகளும் படிந்து இறுகியதே கீரிமலை முதல் பருத்தித்துறை வரை கரையோரத்தில் வெளித்தெரியும் வெண்கல். கிணறு வெட்டுவோர் செம்பாட்டு மண்ணைக் கடந்ததும் எதிர்கொள்ளும் கல்லும், காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை அகழ்ந்தெடுத்த கல்லும் அதுவே.

ஏறக்குறைய 21,000 ஆண்டுகளுக்கு முன் கடைசிப் பனியுகம் உச்சத்தில் இருந்தபோது, புவியின் நீரில் பெருமளவு வட அமெரிக்காவிலும் வட ஐரோப்பாவிலும் பனிப்பாளங்களாக உறைந்து கிடந்தது. அதனால் கடல் மட்டம் இன்றைய நிலையிலிருந்து 120 மீற்றருக்கும் மேலாகத் தாழ்ந்திருந்தது. பாக்கு நீரிணையின் ஆழம் பெரும்பாலான இடங்களில் 15 மீற்றரை எட்டாதது என்பதைக் கருதினால், அன்று இலங்கைக்கும் தமிழகத்துக்கும் இடையே கடல் இருந்திருக்க இடமில்லை என்பது தெளிவாகும். யாழ்ப்பாணம் அன்று ஒரு குடாநாடாகவோ நெடுந்தீவும் நயினாதீவும் ஊர்காவற்றுறையும் தீவுகளாகவோ இருக்கவில்லை. அகன்ற சமவெளியொன்றில் சற்றே மேடான சுண்ணாம்புக்கல் திடல்களாகவே அவை நின்றன. மனிதரும் விலங்குகளும் நடந்தே கடந்த அச்சமவெளி, பனி உருகக் கடல் மேலேற, ஏறக்குறைய 7,000 ஆண்டுகளுக்கு முன் இறுதியாக நீரில் மூழ்கியது.

இக்காலத்தின் தடம் புத்தூருக்கு அண்மையிலுள்ள நிலாவரைக் கிணற்றில் இன்றும் காணத்தக்கது. சுண்ணாம்புக்கல் கரைந்து கூரை இடிந்ததால் உண்டான இக்கேணியின் ஆழம் 50 மீற்றரை எட்டுகிறது. அங்குள்ள தரையோ கடல் மட்டத்திலிருந்து சில மீற்றர் உயரமே. ஆகவே கேணியின் பெரும்பகுதி இன்றைய கடல் மட்டத்துக்குக் கீழே அமைந்துள்ளது. மேலே நல்ல தண்ணீரும் ஆழத்தில் உவர்நீரும் இதில் நிற்கின்றன. சிறிதளவு காபனீரொட்சைட்டைக் கரைத்துவைத்திருக்கும் மழைநீர், மென்மையான அமிலமாகிச் சுண்ணாம்புக்கல்லை அரிப்பது பெரும்பாலும் நீர்மட்டத்தை ஒட்டிய பகுதிகளிலேயே நிகழ்வதால், இத்தகைய ஆழ்ந்த குழிகளும் நிலத்தடிக் குகை வழிகளும் கடலும் தரைக்கீழ் நீரும் இன்றையதை விட மிகவும் தாழ்ந்திருந்த காலங்களில் அகன்றவை என்று விளங்கிக்கொள்வதே பொருத்தமானது. பனியுகம் தோண்டிய இவ்வழிகளினூடாகவே இன்று மாரிமழை விரைந்து கீழிறங்குகிறது. இவ்வழிகளினூடாகவே கோடையில் கடல்நீரும் உள்நுழைகிறது. குடாநாட்டின் கொடையும் குறையும் ஒரே பழங்காலத்திலிருந்து வந்தவை.

4. கடல் மேலேறி நின்ற காலம்

பனி உருகி முடிந்ததும் கடல் இன்றைய மட்டத்தில் வந்து நின்றுவிடவில்லை. இலங்கையின் தென், தென்மேற்குக் கரைகளில் மேலெழுந்து நிற்கும் பழைய முருகைக்கற்களையும் சிப்பிப் படிவுகளையும் காலக்கணிப்புக்கு உட்படுத்திய கட்டுபொத்த முதலியோரின் ஆய்வுகள், ஏறக்குறைய 6,000 முதல் 5,000 ஆண்டுகளுக்கு முன் கடல் இன்றைய மட்டத்தை விட ஒரு மீற்றர் அளவிலோ அதற்குச் சற்று மேலாகவோ உயர்ந்து நின்றதைக் காட்டியுள்ளன. பனிப்பாளங்களின் பாரம் நீங்கிய நிலமும், புதிய நீரின் பாரம் ஏறிய கடலடியும் மெதுவாகத் தம்மைச் சரிசெய்துகொண்டபோது, புவிநடுக்கோட்டை அண்டிய கடல்களிலிருந்து நீர் பிற இடங்களுக்கு இழுக்கப்பட்டதால், அதன் பின் இப்பகுதியின் கடல் சிறிது சிறிதாகப் பின்வாங்கியது.

ஒரு மீற்றர் என்பது மலைநாட்டுக்குப் பொருட்டல்ல. குடாநாட்டின் பெரும்பகுதி 10 மீற்றருக்கும் தாழ்வானது. கடனீரேரிகளின் ஓரங்களும், உப்பாற்றின் தாழ்வுகளும், தொண்டைமானாற்றுக் கரைகளும், ஆனையிறவை ஒட்டிய வெளிகளும், தீவுப்பகுதியின் தரவைகளும் அக்கடலின் கீழோ அதன் அலைவாயிலோ இருந்திருக்கவேண்டும். இன்று ஒரே நிலமாகத் தோன்றும் வலிகாமமும் வடமராட்சியும் தென்மராட்சியும் அன்று தம்முள் நீரால் இன்னும் அகலமாகப் பிரிக்கப்பட்டிருந்தன என்பது நிலத்தின் உயரங்களை நோக்கினால் பெறப்படும்.

குடாநாட்டின் நிலைத்த குடியிருப்புகளின் தெளிவான தொல்லியல் சான்றுகள் கடல் பின்வாங்கிய பின்னைய காலத்துக்கே உரியன என்பது இங்கு கருதத்தக்கது. 1917 முதல் போல் பீரிஸ் ஆராய்ந்ததும் 1970 இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகக் குழுவினர் அகழ்ந்ததுமான கந்தரோடை, வழுக்கையாற்றின் நீரோட்டத்தை ஒட்டிய உள்நிலத்தில் அமைந்தது. 1980 இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் குழுவினர் பெருங்கற்கால ஈமக்குழியையும் பிராமி எழுத்துப் பொறித்த முத்திரையையும் கண்டெடுத்த ஆனைக்கோட்டை, கடனீரேரியின் ஓரத்தில் அமைந்தது. நன்னீர் நிலைத்து நின்ற இடமும் கடலை அணுகத்தக்க இடமுமே முன்னோர் தெரிந்தெடுத்த இடங்கள். அதற்குப் பின்னைய இரண்டாயிரம் ஆண்டுக்கும் மேலான வேளாண்மையும் கடல்வணிகமும் கோயிற்பண்பாடும், கடல் மட்டம் ஏறத்தாழ அசையாது நின்ற ஓர் அமைதியான காலத்தின் மேல் கட்டப்பட்டவை. இந்த அமைதி எப்போதும் இருந்ததுமன்று, எப்போதும் இருக்கப்போவதுமன்று.

5. மழையும் கடலும்: ஞாயிற்றின் கணக்கு

பண்டைக் காலநிலை மாற்றங்களின் தாளத்தைப் பெரிதும் வகுத்தது ஞாயிற்றைச் சுற்றிய புவியின் பாதை. அப்பாதையின் வடிவம் ஏறக்குறைய 100,000 ஆண்டுகளிலும், புவியச்சின் சாய்வு 41,000 ஆண்டுகளிலும், அச்சின் தலையாட்டம் ஏறக்குறைய 23,000 ஆண்டுகளிலும் மாறி மாறி வருவதை சேர்பிய அறிஞர் மிலன்கோவிச் கணித்துக் காட்டினார். ஏறக்குறைய 11,000 ஆண்டுகளுக்கு முன் வட அரைக்கோளத்தின் கோடைக்காலத்தில் புவி ஞாயிற்றுக்கு மிக அண்மையில் வந்தது. அக்கோடைகளில் ஆசிய நிலப்பரப்பு கூடுதலாகச் சூடேறியதால் தென்மேற்குப் பருவக்காற்று வலுப்பெற்றது. இன்று பாலையாகக் கிடக்கும் சஹாராவில் கூட ஏரிகளும் புல்வெளிகளும் தோன்றின. பின்னர் கோடை வெயில் குறையக் குறைய மழையும் தளர்ந்தது. ஏறக்குறைய 4,200 ஆண்டுகளுக்கு முன் ஆசியாவின் பல பகுதிகளை வாட்டிய வறட்சியின் தடம் மேகாலயாவின் மௌம்லூக் குகைச் சுண்ணப்படிவில் தெளிவாகப் பதிந்திருந்ததால், அன்று தொடங்கி இன்றுவரை நீளும் காலப்பகுதிக்கு 2018 இல் புவிச்சரிதவியலாளர் மேகாலயக் காலம் என்றே பெயரிட்டனர்.

இங்கே வருங்காலத்தோடு ஒப்பிடுவதில் ஒரு முக்கிய வேறுபாடு எழுகிறது. புவிப்பாதையின் மாற்றம் ஆண்டின் ஒரு பருவத்துக்கு வெப்பத்தைக் கூட்டி மற்றொரு பருவத்தில் குறைத்தது. பச்சைவீட்டு வாயுக்களோ எல்லாப் பருவங்களையும் இரவையும் பகலையும் சேர்த்துச் சூடாக்குகின்றன. தென்மேற்குப் பருவக்காற்று செழித்த அப்பழைய காலத்தை மாரிமழையை நம்பிய குடாநாட்டின் வருங்காலத்துக்கு முன்மாதிரியாகக் கொள்வது ஆகாது.

இந்து சமுத்திரத்தைப் பற்றிய ஆய்வுகள் இவ்விடத்தில் புதிய ஒளி பாய்ச்சுகின்றன. பசுபிக் சமுத்திரத்தின் எல் நினோவைப் போன்று கிழக்கு மேற்காக வெப்பம் ஊசலாடும் வலிய இயக்கம் இன்றைய இந்து சமுத்திரத்தில் இல்லை. ஆனால் பனியுகத்தில் அத்தகைய இயக்கமொன்று இருந்திருக்கலாம் என்பதைக் கடலடி ஓடுகளைத் தனித்தனியாக அளந்து ஆய்வாளர்களான திருமலை, டிநெசியோ முதலியோர் முன்வைத்தனர். 2020 இல் டிநெசியோ குழுவினர் வெளியிட்ட மாதிரிக் கணிப்புகள், பச்சைவீட்டு வெப்பம் தொடர்ந்தால் அவ்வியக்கம் இந்நூற்றாண்டிலேயே மீண்டும் எழக்கூடும் என்று கூறின. பனியுகக் குளிரும் நாளைய வெப்பமும் ஒரே வகையான கொந்தளிப்பைக் கடலில் எழுப்பக்கூடும் என்னும் இம்முடிவு, மாரிமழையின் ஆண்டுக்காண்டு ஏற்ற இறக்கம் பெருகக்கூடும் என்பதற்கான எச்சரிக்கையாகும்.

வங்காள விரிகுடாவின் அடிச்சேற்றை ஆராய்ந்து திருமலை குழுவினர் 2025 இல் வெளியிட்ட ஆய்வு கடற்றொழிலாளரின் வாழ்வோடு நேராகத் தொடர்புடையது. கடந்த 22,000 ஆண்டுகளில் பருவக்காற்று மிகத் தளர்ந்த காலத்திலும் மிக வலுத்த காலத்திலும், அதாவது இரு எல்லைகளிலுமே, விரிகுடாவின் மேற்பரப்பு உயிர்வளம் கடுமையாகக் குன்றியதை அது காட்டியது. மழை மிகும்போது ஆற்றுநீர் இலேசான படையாகக் கடலின் மேல் பரவி, ஆழத்து ஊட்டச்சத்து மேலெழாதபடி மூடிவிடுகிறது. காற்று தளரும்போது கடலைக் கலக்கும் விசையே இல்லாமற் போகிறது. மிகையும் குறையும் ஒருங்கே தீங்காகும் இந்நிலை, விரிகுடாவை நம்பி வாழும் வடமராட்சிக் கரையோரத்துக்கு நேரடியான பொருளுடையது.

6. அளவும் வேகமும்

பனியுக உச்சத்தில் புவியின் சராசரி வெப்பநிலை தொழிற்புரட்சிக்கு முந்திய நிலையை விட ஏறக்குறைய 5 முதல் 7 பாகை செல்சியஸ் குறைவாக இருந்தது. இவ்வேறுபாடு துருவங்களை நோக்கிப் பெரியதாகவும் நடுக்கோட்டை நோக்கிச் சிறியதாகவும் அமைந்தது; வெப்பவலயக் கடல்களின் மேற்பரப்பு ஏறக்குறைய 2 முதல் 4 பாகையே குளிர்ந்திருந்தது. வட ஐரோப்பாவைப் பனிக்கட்டியால் மூடிய பெருமாற்றம் இப்பகுதியின் காற்றில் இரண்டு மூன்று பாகையாகவே உணரப்பட்டிருக்கும்.

இந்த எண்ணை இன்றைய கணிப்புகளோடு வைத்துப் பார்க்கவேண்டும். ரொக்சி மத்தியூ கொல் முதலியோர் 2024 இல் வெளியிட்ட தொகுப்பின்படி, வெப்பவலய இந்து சமுத்திரம் 1950 முதல் 2020 வரை நூறாண்டுக்கு 1.2 பாகை என்னும் வேகத்தில் சூடேறியது. 2020 முதல் 2100 வரை அவ்வேகம் நூறாண்டுக்கு 1.7 முதல் 3.8 பாகை வரை உயரக்கூடும். அவ்வாறாயின், பனியுகத்திலிருந்து வெளியேற இக்கடல் எடுத்த வெப்ப ஏற்றத்துக்கு ஈடான ஏற்றம் ஒரு மனித வாழ்நாளுக்குள் நிகழும். துருவநாட்டவரின் கண்ணுக்கு இரண்டு பாகை சிறிதாகத் தோன்றலாம். இயற்கையின் ஊசலாட்டமே மிகக் குறுகியதாக இருந்துவந்த வெப்பவலயத்தில் அது நெல்லும் மீனும் மனித உடலும் பழகிய எல்லையைக் கடந்த ஒன்று.

வேகத்தின் கணக்கு இன்னும் தெளிவானது. பனியுகம் முடியும்போது காபனீரொட்சைட்டு பத்து இலட்சத்துக்கு ஏறக்குறைய 190 பங்கிலிருந்து 260 பங்குக்கு மேல் உயர ஏழாயிரம் ஆண்டுகள் அளவில் எடுத்தது. 1750 அளவில் 280 ஆக இருந்த அது இன்று 420ஐத் தாண்டிவிட்டது. இதில் பெரும்பகுதி 1950க்குப் பின்னர் சேர்ந்தது. புவியின் சராசரி வெப்பம் இன்று பத்தாண்டுக்கு ஏறக்குறைய 0.2 பாகை உயர்கிறது. இது பனியுக முடிவின் சராசரி வேகத்தை விட இருபது மடங்குக்கும் கூடியது. உலக வானிலை நிறுவனத்தின் கணிப்பில் 2024 ஆம் ஆண்டின் சராசரி, தொழிற்புரட்சிக்கு முந்திய நிலையை விட ஏறக்குறைய 1.55 பாகை உயர்ந்தது.

நேர்மையான ஒப்பீடு மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். கடல் மட்டத்தைப் பொறுத்தவரை பழங்காலம் இன்றையதை விட வேகமான ஏற்றத்தைக் கண்டிருக்கிறது. ஏறக்குறைய 14,600 ஆண்டுகளுக்கு முன் பனிப்பாளங்கள் சரிந்தபோது கடல் சில நூற்றாண்டுகளுக்குள் 15 மீற்றர் அளவில் உயர்ந்தது. 2006 முதல் 2018 வரை கடல் உயர்ந்த வேகம் ஆண்டுக்கு 3.7 மில்லிமீற்றர் மட்டுமே. ஆயினும் இச்செய்தி ஆறுதல் தருவதன்று. பெரும் பனிப்பாளங்கள் எல்லையைக் கடந்தால் எவ்வளவு விரைந்து சரியக்கூடும் என்பதையே அது காட்டுகிறது. அன்றைய மக்கள் கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு உள்நிலம் நோக்கி நடக்க இடமிருந்தது. 2012 குடிசன மதிப்பீட்டின்படி யாழ்ப்பாண மாவட்டத்தில் மட்டும் 583,000க்கும் மேற்பட்டோர் வாழ்ந்தனர். அவர்களுக்கு உறுதி எழுதிய காணியும், கல்லில் வெட்டிய கிணறும், தலைமுறையாக விளக்கேற்றிய கோயிலும் இருக்கின்றன. போரினால் ஏற்கனவே இடம்பெயர்ந்து மீண்டவர்களுக்கு மீண்டும் பெயர்வது என்னும் தெரிவு எளிதாகச் சொல்லத்தக்கதன்று.

காலநிலை மாற்றம் பற்றிய அரசுகளுக்கிடைக் குழுவின் ஆறாவது மதிப்பீடு, 2100 அளவில் கடல் மட்டம் 1995–2014 சராசரியை விட, வாயு வெளியேற்றம் மிகக் குறைந்தால் 0.28 முதல் 0.55 மீற்றரும், மிக உயர்ந்தால் 0.63 முதல் 1.01 மீற்றரும் உயரலாம் என்று கணிக்கிறது. மேல் எல்லை உண்மையாகுமாயின், ஏறக்குறைய 5,000 ஆண்டுகளுக்கு முன் பின்வாங்கத் தொடங்கிய கடல் தன் பழைய கரைக்கு அண்மையில் திரும்பி வரும். அப்பழைய கரையோரத்தைத் தேடிக் கண்டு வரைவது வெறும் தொல்லியல் ஆர்வத்துக்குரிய பணியன்று. பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் வாழவேண்டிய நிலத்தின் எல்லையை வரையும் பணி அது. அதற்கும் அப்பால் நீண்ட காலம் இருக்கிறது. ஏறக்குறைய 125,000 ஆண்டுகளுக்கு முன்னைய பனியிடைக் காலத்தில் புவி தொழிற்புரட்சிக்கு முந்திய நிலையை விட 0.5 முதல் 1.5 பாகையே சூடாக இருந்தது. கடலோ 5 முதல் 10 மீற்றர் உயர்ந்து நின்றது. காற்று விரைவில் சூடாகும், பனிப்பாளம் ஆறுதலாக உருகும். இன்று ஏறும் வெப்பத்துக்கான கடல் பல நூற்றாண்டுகளுக்குப் பின்னும் வந்துகொண்டேயிருக்கும்.

7. கிணற்றுக்குள் நிகழ்வது

வற்றாத ஆறு ஒன்றுமில்லாத குடாநாட்டில், தோட்டத்துக்கும் வீட்டுக்கும் வேண்டிய நீர் பெரும்பாலும் சுண்ணாம்புக்கல்லுக்குள் தேங்கும் மாரிமழையே. இந்த நன்னீர், கல்லின் துளைகளையும் வெடிப்புகளையும் நிறைத்து, கீழிருக்கும் கடல்நீரின் மேல் வில்லைபோல் மிதக்கிறது. கடல்நீர் நன்னீரை விட ஏறக்குறைய நாற்பதில் ஒரு பங்கு அடர்த்தி கூடியது. எனவே நன்னீர் மட்டம் கடலுக்கு மேல் ஒரு மீற்றர் நின்றால், கடலுக்குக் கீழ் ஏறக்குறைய 40 மீற்றர் வரை நன்னீர் இருக்கலாம் என்பது ஒல்லாந்தரான கைபனும் ஜேர்மானியரான ஹெர்ஸ்பேர்க்கும் கண்ட விதி. இதன் மறுபக்கம் கவலைக்குரியது. இறைப்பினாலோ மழைக்குறைவினாலோ அம்மட்டம் 25 சென்ரிமீற்றர் தாழ்ந்தால், அடியிலுள்ள உவர்நீர் காலப்போக்கில் 10 மீற்றர் மேலேறிவிடும்.

கடல் மட்டம் உயரும்போதும் இவ்விதியே இயங்குகிறது. தரை போதிய உயரமாக இருந்தால் கடலோடு சேர்ந்து நன்னீர் வில்லையும் மேலே மிதந்து உயரும். தடிப்புப் பெரிதாகக் குறையாது. தரை தாழ்வாக இருந்தால், உயரும் நன்னீர் தரவைகளிலும் கடனீரேரிகளிலும் வழிந்தோடிவிடும். நன்னீரின் மேல்மட்டம் அசையாதிருக்கக் கடல் மட்டும் ஏறுவதால் வில்லை மெலியும். ஆகவே ஒரே கடலேற்றம் வலிகாமத்தின் மேட்டு நிலத்தை ஒரு விதமாகவும், தீவுப்பகுதியையும் தென்மராட்சியின் தாழ்நிலங்களையும் வேறு விதமாகவும் தாக்கும். குடாநாடு முழுவதற்கும் ஒரே எண்ணைச் சொல்லும் கணிப்புகள் இவ்வேறுபாட்டை மறைத்துவிடுகின்றன.

மழையின் இயல்பு மாறுவதும் இதனோடு சேர்கிறது. காற்று ஒரு பாகை சூடாகும்போது ஏறக்குறைய 7 சதவீதம் கூடுதல் நீராவியைத் தாங்கும். மாதக்கணக்கில் ஆறுதலாகப் பெய்து ஊறவேண்டிய மழை சில நாட்களில் கொட்டித்தீர்த்தால், அதில் பெரும்பகுதி வெள்ளமாகி வாய்க்கால் வழியே கடனீரேரியை அடைந்துவிடும். நிஷா புயலின்போது 2008 நவம்பரில் குடாநாடு கண்ட வெள்ளம், மழையின் மொத்த அளவும் நிலத்துக்குள் இறங்கும் அளவும் வேறு வேறு என்பதை உணர்த்தியது. கோடை வெப்பம் கூடக்கூட ஆவியாகும் நீரும், பயிருக்கு இறைக்கவேண்டிய நீரும் கூடும். துலாவும் பட்டையும் கொண்டு இறைத்த காலத்தில் மனித உழைப்பே இறைப்புக்கு வரம்பாக இருந்தது. நீரிறைக்கும் இயந்திரங்கள் வந்தபின் அவ்வரம்பு நீங்கிவிட்டது. வெங்காயமும் புகையிலையும் மிளகாயும் விளையும் தோட்டங்களில் கோடை முடிவில் கிணற்றுநீர் சவர்த்தன்மை கொள்வது ஊரறிந்த செய்தி. கடலேற்றம் ஒருபுறமும் மிகையிறைப்பு மறுபுறமுமாக இவ்வில்லையை நெருக்குகின்றன.

8. செய்யத்தக்கவை

இந்நிலத்தின் பழங்காலத்தை அறிந்த எவரும் நீரைத் தேக்குவதே முதற்கடமை என்னும் முடிவுக்கே வருவர். பொறியியலாளர் எஸ். ஆறுமுகம் வகுத்த 'யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு' என்னும் திட்டம், ஆனையிறவுக் கடனீரேரியை நன்னீராக்கி, முள்ளியான் வாய்க்கால் வழியே வடமராட்சிக் கடனீரேரிக்கும், அங்கிருந்து உப்பாற்றுக்கும் நீரைக் கொண்டுவர எண்ணியது. தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் கடல்நீரைத் தடுக்கும் கதவணைகள் 1950களை ஒட்டிக் கட்டப்பட்டன. போர்க்காலத்தில் பராமரிப்பின்றிப் பழுதுற்றன. பின்னர் திருத்தப்பணிகள் நடந்துள்ளன. கடலேற்றத்தை எண்ணாமலே வகுக்கப்பட்ட இத்திட்டம், கடனீரேரியில் நன்னீர் நின்றால் அயலிலுள்ள நன்னீர் வில்லையும் தடிக்கும் என்பதால், இன்றைய நிலையில் முன்னிலும் கூடிய பொருளுடையதாகிறது. ஆயினும் அதன் அணைகளின் உயரம் இந்நூற்றாண்டின் கடல் மட்டத்துக்கேற்ப மீண்டும் கணிக்கப்படவேண்டும். களப்பில் இறால் பிடித்து வாழ்வோரின் நலனும் அக்கணிப்பில் இடம்பெறவேண்டும்.

2024 இல் தாளையடியில் திறக்கப்பட்ட கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் வீட்டுத் தேவைக்குப் பெருந்துணை. ஆனால் தோட்டத்துக்கும் வயலுக்கும் பனைக்கும் வேண்டிய நீரை எந்த இயந்திரமும் அந்த அளவில் தரமுடியாது. அவற்றுக்குரியது சுண்ணாம்புக்கல்லில் தேங்கிய மாரிமழையே. ஆகவே தூர்ந்துபோன குளங்களையும் கேணிகளையும் துரவுகளையும் திருத்துதல், வெள்ள வாய்க்கால்களைக் கடலுக்கு விரைந்து வெளியேற்றும் வழிகளாகக் கருதாது குளங்களுக்குத் திருப்பும் வழிகளாக அமைத்தல், கரையோர மணற்றிட்டுகளையும் கண்டற்காடுகளையும் காத்தல், இறைப்பை அளந்து வரம்பிடுதல் ஆகியவை அழகுக்காகவோ பழமைப் பற்றுக்காகவோ செய்யப்படும் பணிகளல்ல. வில்லையின் தடிப்பு நீர்மட்டத்தின் சென்ரிமீற்றர்க் கணக்கில் தங்கியிருக்கும் நிலத்தில் ஒவ்வொரு குளமும் கடலுக்கு எதிரான ஓர் அரண்.

அறிவுத்துறைக்கும் தனிக் கடமை உண்டு. குடாநாட்டின் கடனீரேரிச் சேற்றில் பல்லாயிரம் ஆண்டு மாரிமழையின் வரலாறு படிந்து கிடக்கிறது. அச்சேற்றுத் தூண்களை எடுத்து, மகரந்தத்தையும் ஓடுகளையும் சமதானிகளையும் முறையாக ஆராய்ந்தால், வடகீழ்ப் பருவமழை பழைய வெப்பக் காலங்களில் எவ்வாறு நடந்துகொண்டது என்னும் வினாவுக்கு வெளியிலிருந்து கடன்வாங்காத விடை கிடைக்கும். ஐயாயிரம் ஆண்டுக்கு முன்னைய கரையோரத்தை ஊர் ஊராக வரைபடமாக்கினால், எந்தப் பாடசாலையும் எந்த மருத்துவமனையும் எந்தக் குடியேற்றமும் எங்கே அமையக்கூடாது என்பது தெரியவரும். கிணறுகளின் நீர்மட்டத்தையும் உவர்ப்பையும் ஆண்டு முழுவதும் பாடசாலை மாணவரைக்கொண்டே அளந்து பதியும் வலைப்பின்னல் அமைந்தால், கணிப்புகளைச் சோதிக்கும் தரவு பத்தாண்டுக்குள் திரளும். இவை யாழ்ப்பாணத்தின் கல்விநிலையங்களின் ஆற்றலுக்கு உட்பட்டவை; பெருந்தொகையை விட நீடித்த பொறுப்பையே வேண்டுபவை.

வாயு வெளியேற்றத்தைக் குறைப்பது உலகின் பெருநாடுகளின் கையில் பெரிதும் தங்கியுள்ளது. அதற்காக வற்புறுத்தும் உரிமை குடாநாட்டுக்கு உண்டு, ஏனெனில் பத்தாண்டுக்கு 0.2 பாகையாக உயரும் வெப்பத்துக்கு அதன் மக்கள் அளித்த பங்கு மிகச் சிறிது. கடலுக்கும் நன்னீருக்கும் இடையிலுள்ள மெல்லிய சமநிலையைக் காப்பதோ பெரும்பாலும் இங்குள்ளோர் கையிலேயே இருக்கிறது. கடல் விலகியதால் கிடைத்த நிலத்தில் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக வாழ்ந்துவந்த ஒரு சமூகம், அக்கடல் திரும்பும் காலத்தை முன்கூட்டியே கணித்தறியும் வசதியைப் பெற்ற முதல் தலைமுறையை இன்று கொண்டிருக்கிறது. பனியுக வேட்டுவருக்கும் கந்தரோடைக் குடிகளுக்கும் கிடைக்காத அந்த அறிவு இத்தலைமுறைக்குக் கிடைத்திருக்கிறது. அணையின் உயரத்திலும் குளத்தின் ஆழத்திலும் கிணற்றின் அளவீட்டிலும் அது செயலாகவேண்டும்.